ஆர்கேட் பாணி எல்இடி சுவர்க் கடிகாரம்: வைத்துக்கொள்வதா, கழற்றிவிடுவதா?

சுவர்ப்பல்லி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன்பு, நாணயம் போட்டு ஆடும் பழைய ஆர்கேட் பெட்டி விளையாட்டுகளின் பாணியில் அமைந்த எல்இடி சுவர்க் கடிகாரம் ஒன்றை வாங்கி எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். அகலத்தில் 64 புள்ளிகளும் உயரத்தில் 32 புள்ளிகளும் கொண்ட ஒற்றைப் பலகை அது. புள்ளிக்குப் புள்ளி 4 மில்லிமீட்டர் இடைவெளி என்பதால் ஏறத்தாழ 256 மில்லிமீட்டர் அகலமும் 128 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. மணி எண்களுக்குக் கீழே ஒரு விண்கலம் இடமும் வலமுமாக நகர்ந்து சுடுகிறது. மேலிருந்து அணியணியாக இறங்கும் விசித்திரப் பிராணிகள் வெடித்துச் சிதறுகின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மஞ்சள் வட்டம் ஒன்று புள்ளிகளை விழுங்கியபடி திரையைக் கடந்து ஓடுகிறது. சிறு வயதில் இத்தகைய பெட்டிகளின் முன்னால் நின்று அடுத்தவர் ஆடுவதை வேடிக்கை பார்த்தே பொழுதைக் கழித்தவன் என்பதால், பெட்டியைத் திறந்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

மகிழ்ச்சி இரண்டு வாரம் நீடித்தது. இப்போது வீட்டில் என் தாயார் தொடங்கி அனைவரும் அதைக் கழற்றச் சொல்கிறார்கள். "உன்னிடம் பேசினால் உன் கண் என் முகத்தில் இல்லை, சுவரில் இருக்கிறது" என்பது தாயாரின் குற்றச்சாட்டு. மறுக்க முடியவில்லை, ஏனெனில் எதிரே அமர்பவர் யாராக இருந்தாலும் அவர் கண்ணும் அங்கேதான் போகிறது. வேடிக்கை என்னவென்றால், அத்தனை முறை பார்த்தும் மணி என்ன என்று கேட்டால் யாருக்கும் உடனே சொல்லத் தெரிவதில்லை.

இரவில் வேறொரு தொல்லை. விளக்கை அணைத்த பிறகு கூடம் முழுவதும் நீலமும் ஊதாவுமாக மின்னுகிறது. ஒளி அளவைக் கடிகாரத்தின் கைப்பேசிச் செயலியில் மிகக் குறைவாக வைத்தால் கண் கூசுவது நிற்கிறது. ஆனால் நிறங்கள் கெட்டுவிடுகின்றன. ஆரஞ்சு நிறம் சிவப்பாகிறது, இளநீலம் வெறும் நீலமாகிறது, மங்கலான நிழல் பகுதிகள் முற்றிலும் மறைந்துபோகின்றன. அமைதியான நேரத்தில் அருகில் நின்றால் மெல்லிய கீச்சொலியும் கேட்கிறது. கைப்பேசியில் படம் எடுத்தால் திரையின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுகின்றன.

கடைசியாக, கடிகாரத்துக்கு இருக்கக் கூடாத குறையும் இதற்கு இருக்கிறது. மின்தடை ஏற்பட்டு மின்சாரம் திரும்பி வரும்போது சில வேளைகளில் முற்றிலும் தவறான நேரத்தைக் காட்டுகிறது. நானே போய் ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் சரியாகிறது. வைஃபை இணைப்பு வேலை செய்யாத நாட்களில் மெல்ல மெல்லப் பின்தங்கவும் செய்கிறது.

இவற்றுள் எவை சரிசெய்யக் கூடியவை, எவை இந்தப் பொருளின் பிறவிக் குணம் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். உள்ளே எல்லாவற்றையும் இயக்குவது ஈஎஸ்பி32 என்ற வைஃபை வசதியுள்ள சிறு கட்டுப்பாட்டுச் சில்லு கொண்ட பலகை. பின்மூடி நான்கு திருகாணிகளில் நிற்கிறது. திறப்பதற்கு எனக்குத் தயக்கம் இல்லை.

மின்தேக்கி:

சுவர்ப்பல்லி அவர்களுக்கு வணக்கம். இதே அளவுப் பலகையில் இரண்டு கடிகாரங்களை நானே கட்டியிருக்கிறேன் என்பதால் ஒளி தொடர்பான கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தப் பலகை எப்படி எரிகிறது என்பதைச் சொல்லிவிட்டால் உங்களுடைய மூன்று குறைகள் ஒரே வேரிலிருந்து முளைத்தவை என்பது புரியும். 64×32 என்றால் 2,048 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடிகள். ஆக 6,144 எல்இடிகள். இத்தனையையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக இயக்குவதற்குக் கம்பியும் இல்லை, இடமும் இல்லை. ஆகவே இவ்வகைப் பலகைகளில் பெரும்பாலானவை மேல் பாதியில் ஒரு வரிசை, கீழ்ப் பாதியில் ஒரு வரிசை என இரண்டு வரிசைகளை மட்டும் எரியவிட்டு, கணப்பொழுதில் அடுத்த இரண்டுக்குத் தாவுகின்றன. 16 தாவல்களில் திரை நிறைந்துவிடும். எந்த நொடியைப் பிடித்துப் பார்த்தாலும் பதினாறில் பதினைந்து பங்கு இருட்டாகத்தான் இருக்கும். கண்தான் அதை ஒன்றாக்கிக்கொள்கிறது. கைப்பேசியின் கேமரா கண்ணைப் போல் ஏமாறுவதில்லை, அதனால் பட்டை விழுகிறது. படம் எடுக்கும்போது மட்டும் ஷட்டர் நேரத்தை முப்பதில் ஒரு நொடி அல்லது அதற்கும் மெதுவாக வைத்தால் பட்டைகள் பெரும்பாலும் மறைந்துவிடும். இது குறையன்று, விட்டுவிடலாம்.

நிறம் கெடுவதுதான் கவனிக்க வேண்டியது. எல்இடியை மங்கலாக்குவது என்பது அதை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவதே ஆகும். ஒளியைக் குறைக்க மென்பொருள் எழுதியவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு வரிசையும் எரியும் நேரத்தையே சுருக்குவது ஒன்று; இதில் மூன்று நிறங்களும் ஒரே விகிதத்தில் குறைவதால் நிறம் மாறாது. மற்றொன்று, நிறத்தின் எண் மதிப்புகளைப் பெருக்கிக் குறைப்பது. இது எழுத எளிது; ஆனால் உங்கள் ஆரஞ்சை இது எப்படிக் கொல்கிறது என்று பாருங்கள். சிவப்பு 255, பச்சை 100, நீலம் 0 என்ற ஆரஞ்சை நூற்றில் ஒரு பங்காக்கினால் சிவப்புக்கு 2.55 வரும், பச்சைக்குச் சரியாக 1 வரும். பச்சை 90 ஆக இருந்திருந்தால் 0.9, பின்னத்தை வெட்டினால் பூச்சியம். பச்சை போய்விட்டால் மிஞ்சுவது சிவப்புதானே! உங்கள் கடிகாரத்தில் நடப்பது இரண்டாவது வழி என்பது நீங்கள் சொன்ன அறிகுறிகளிலிருந்தே தெரிகிறது. மென்பொருளை மாற்ற முடியுமானால் முதல் வழிக்கு மாற்றுங்கள்.

மாற்ற முடியாவிட்டாலும் கவலை வேண்டாம். நான் செய்தது இதுதான்: கார்க் கண்ணாடிகளில் ஒட்டும் சாம்பல் நிறச் சன் ஃபிலிமை ஒரு மெல்லிய அக்ரிலிக் தகட்டில் ஒட்டி, தகட்டைப் பலகையின் முன்னால் பொருத்தினேன். புகைநிற அக்ரிலிக் கிடைத்தால் ஃபிலிமே தேவையில்லை. ஐந்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் வெளியே விடும் தகடு என்று வைத்துக்கொண்டால், இரவிலும் மென்பொருளில் ஐந்து மடங்கு கூடுதலான அளவை வைக்கலாம். நிறங்களுக்கு வேண்டிய படிநிலைகள் திரும்பக் கிடைத்துவிடும். பகலில் இன்னொரு நன்மையும் உண்டு. அறை வெளிச்சம் தகட்டைக் கடந்து பலகையில் பட்டு மறுபடியும் தகட்டைக் கடந்து வர வேண்டியிருப்பதால் இரண்டு முறை மங்குகிறது. எல்இடியின் ஒளியோ ஒருமுறைதான் மங்குகிறது. கறுப்பு உண்மையான கறுப்பாகத் தெரியும். ஃபிலிம் ஒட்டும்போது காற்றுக் குமிழி விழுந்தால் அந்த இடத்தில் புள்ளி வீங்கித் தெரியும் என்பதை என் முதல் முயற்சியில் கற்றேன்.

தானாக மங்கும் வசதி வேண்டுமென்றால் அறை வெளிச்சத்தை அளக்க உதவும் ஒளியுணர் மின்தடையம் ஒன்றைச் சேர்க்கலாம். அதைப் பலகையின் முகப்பில் வைத்துவிடாதீர்கள். கடிகாரம் தன் ஒளியையே கண்டு பகல் என்று எண்ணிப் பிரகாசமாகும், பிறகு மங்கும், மறுபடி பிரகாசமாகும். பெட்டியின் மேல்விளிம்பில் கூரையைப் பார்த்தபடி வைத்து, இருபது முப்பது நொடிகளின் சராசரியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கண் ஒளியை நேர்விகிதத்தில் உணர்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: பத்தில் ஒரு பங்காகக் குறைத்த ஒளி, பார்ப்பதற்கு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது போலத்தான் இருக்கும். ஆகவே இரவு அளவை நீங்கள் நினைப்பதைவிட மிகவும் கீழே கொண்டுபோக வேண்டியிருக்கும்.

கீச்சொலி பற்றி. வரிசைகள் மாறி மாறி எரிவதால் மின்னோட்டம் துடிப்பு துடிப்பாகச் செல்கிறது. அந்தத் துடிப்பில் அடாப்டருக்குள் இருக்கும் சுருளோ, பலகையில் உள்ள பீங்கான் மின்தேக்கிகளோ அதிர்ந்து ஒலி எழுப்பும். பலகையின் மின் இணைப்பு முனையில் 1,000 மைக்ரோஃபாரட் மின்பகு மின்தேக்கி ஒன்றைச் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கும். கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிப் போட்டால் அது வெடிக்கும் என்பதால் இருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டரைத் திறக்கவே திறக்காதீர்கள். ஒலி அங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் வேறொன்றை வாங்கிவிடுவதே முறை. இந்த அளவுப் பலகை முழு வெள்ளையில் எரிந்தால் 5 வோல்ட்டில் 4 ஆம்பியர் வரை இழுக்கக் கூடும், அதாவது 20 வாட். கடிகாரத்தில் பெரும்பாலான புள்ளிகள் அணைந்தே இருப்பதால் அன்றாடச் செலவு அதில் சிறு பங்குதான். ஆனாலும் அடாப்டர் அந்த உச்சத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். கணினியின் யூஎஸ்பி துளையில் செருகி ஓட்டுவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

நாணயத்துளை:

மின்தேக்கி அவர்கள் ஒளியைப் பற்றி எழுதியதில் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் சாம்பல் ஃபிலிம் யோசனையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. 1978-இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் முதலில் கறுப்பு வெள்ளைத் திரையில்தான் ஓடியது. அதன் பச்சைக்கும் ஆரஞ்சுக்கும் காரணம் திரைமீது போர்த்திய நிறத்தாள்கள். ஆகவே ஃபிலிம் ஒட்டுவதன் மூலம் நீங்கள் மரபை மீறவில்லை, அதற்குத் திரும்புகிறீர்கள்.

உங்கள் தாயாரின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதுதான் இந்தக் கேள்வியின் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆர்கேட் பெட்டிகள் யாரும் ஆடாத நேரத்தில் சும்மா இருப்பதில்லை. தாமாகவே ஒரு மாதிரி ஆட்டத்தை ஆடிக் காட்டிக்கொண்டிருக்கும். அதற்கு அட்ராக்ட் மோட் என்றே பெயர். நடந்து போகிறவரின் ஓரக்கண்ணைப் பிடித்து இழுத்து, நிற்கவைத்து, நாணயத்தைப் போடவைப்பது அதன் வேலை. மூன்று நான்கு நொடிக்குள் ஏதாவது வெடிக்க வேண்டும், ஏதாவது ஓட வேண்டும். உங்கள் கடிகாரத்தை வடிவமைத்தவர் அந்தக் காட்சியை அப்படியே எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டார். நாணயம் போட யாரும் இல்லாத வீட்டில் அது நாள் முழுவதும் கூவி அழைத்துக்கொண்டே இருக்கிறது. ஓரப்பார்வை உருவத்தை விட அசைவையே விரைவாக உணரும் என்பதால், எதிரே இருப்பவர் என்ன முயன்றாலும் பார்வை திரும்பத்தான் செய்யும். நீங்கள் பண்பற்றவர் அல்லர் என்று தாயாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஆகவே கழற்ற வேண்டியது கடிகாரத்தை அன்று, தொடர்ந்து ஓடும் அசைவை. என் கடிகாரத்தில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: நேரம் மாறும்போது மட்டுமே அசைவு, மற்ற வேளைகளில் திரை நிலையாக இருக்க வேண்டும். நிமிட எண் மாற வேண்டிய நொடியில் விண்கலம் பக்கத்திலிருந்து வந்து பழைய எண்ணைச் சுட்டு வீழ்த்துகிறது, அந்த இடத்தில் புதிய எண் இறங்குகிறது, கலம் வெளியேறுகிறது. எல்லாம் நான்கு நொடி. அறுபதில் நான்கு நொடி மட்டும் அசைவு என்றானபோது இரண்டு மாற்றங்களைக் கண்டேன். பேச்சு கெடுவதில்லை என்பது ஒன்று. அசைவு தென்பட்டால் நிமிடம் மாறிவிட்டது என்று பொருள் என்பதால், பார்த்தவருக்கு மணி மனத்தில் பதிகிறது என்பது மற்றொன்று. அசைவும் செய்தியும் ஒன்றாகிவிட்டன.

இதைப் பழைய பாங் விளையாட்டின் கடிகார வடிவத்தை ஆக்கியவர்கள் முன்பே அழகாகச் செய்திருக்கிறார்கள். 1972-இல் அடாரி வெளியிட்ட பாங்கில் இரண்டு மட்டைகள், ஒரு பந்து, இரண்டு மதிப்பெண்கள், அவ்வளவுதான். கடிகாரமாக மாற்றும்போது இடப்பக்க மதிப்பெண் மணியாகவும் வலப்பக்க மதிப்பெண் நிமிடமாகவும் ஆகிறது. நிமிடம் முடியும் வேளையில் இடப்பக்க மட்டை வேண்டுமென்றே பந்தைத் தவறவிடும். வலப்பக்கம் ஒரு புள்ளி பெறும். மணி மாறும்போது வலப்பக்கம் தவறவிடும். இடைவிடாமல் ஓடும் ஆட்டம்தான் என்றாலும், ஒரே ஒரு பந்து ஒரே சீராகப் போய்வருவதால் ஊசல் ஆடுவதைப் பார்ப்பது போல் இருக்கும், எரிச்சல் தராது. தொடர் அசைவுதான் வேண்டும் என்றால் இத்தகையதைத் தேர்ந்தெடுங்கள்.

மஞ்சள் வட்டமும் அது ஓடும் புதிர்ப்பாதையும் பற்றி ஒரு சொல். நாம்கோவின் பேக்-மேன் 1980-இல் வந்தபோது அதன் திரை 224×288 புள்ளிகள். உங்கள் பலகையோ 64×32. மூலத்தில் அந்த மஞ்சள் வட்டத்துக்கு ஒதுக்கிய கட்டம் 16×16. அதை அப்படியே வைத்தால் உங்கள் பலகையின் பாதி உயரத்தை அது ஒன்றே அடைத்துக்கொள்ளும். ஆகவே இந்தச் சிறு பலகையில் முழுப் பாதையைக் காட்ட முயலும் வடிவங்கள் எல்லாம் ஒரு குழப்பமான நீலக் கீறலாகவே முடிகின்றன. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பிராணிகள் அதற்கு மாறாக 8 புள்ளி உயரமும் 8 முதல் 12 புள்ளி அகலமும் கொண்டவை. ஒரு புள்ளிகூட மாற்றாமல் பொருந்துகின்றன. இந்த அளவுப் பலகையில் எது நன்றாக இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் இதுதான்: மூல உருவம் சுருக்கப்படாமல் நிற்கிறதா என்று பார்ப்பது.

இன்னொரு யோசனையை நான் இன்னும் செய்து பார்க்கவில்லை. அந்த விளையாட்டில் 11 வீதம் 5 வரிசைகளாக 55 பிராணிகள். நிமிடத்துக்கு ஒன்றாக வீழ்த்தினால் 55 நிமிடங்களில் திரை காலியாகிவிடும். எஞ்சிய 5 நிமிடம் வெறும் வானம். மணி மாறும்போது புதிய படை. மூலத்தில் படை குறையக் குறைய வேகம் கூடியதற்கும் ஒரு காரணம் உண்டு: கணிப்பொறி ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரே ஒரு பிராணியை மட்டுமே நகர்த்தியதால், எஞ்சியவை குறைந்தால் சுற்று விரைவில் முடிந்தது. மணி முடியப்போகும் பரபரப்பை அதே வழியில் காட்டலாம். பிராணி ஒவ்வொன்றையும் 3×3 புள்ளிகளுக்குள் வரைய வேண்டியிருக்கும் என்பதால் மேலே நான் சொன்ன அளவுகோலை நானே மீறுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சுவர்ப்பல்லி:

இருவருக்கும் மிக்க நன்றி. நாணயத்துளை அவர்கள் எழுதியதைத் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். "அப்படியானால் நான்கு நொடிக்கு மேல் பார்க்கக் கூடாது" என்று தீர்ப்பு வந்திருக்கிறது.

என் கடிகாரத்தின் செயலியில் அசைவின் இடைவெளியை மாற்றும் வசதி இருக்கிறது; இதுவரை அதை நான் தொட்டதே இல்லை. நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைக்க முடிகிறது, ஆனால் அது நிமிடம் மாறும் நொடியோடு ஒத்துப்போகவில்லை. தன் விருப்பப்படி நடுவில் ஓடுகிறது. நேரம் பற்றிய கேள்விக்கும் யாராவது விடை சொன்னால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் திறந்து செய்துவிடலாம் என்று காத்திருக்கிறேன்.

பழைய ஊசல்:

வணக்கம். கடிகாரம் என்ற சொல்லுக்கு இந்த இழையில் இன்னும் மரியாதை கிடைக்கவில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

உங்கள் கடிகாரத்துக்கு நேரம் தெரியாது. அது இணையத்தில் உள்ள நேரச் சேவையகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. மின்தடைக்குப் பின் மின்சாரம் வரும்போது கடிகாரம் சில நொடிகளில் விழித்துவிடும். ரவுட்டர் முழுமையாக விழிப்பதற்கு ஒன்றிரண்டு நிமிடங்கள் ஆகும். மோசமாக எழுதப்பட்ட மென்பொருள் இரண்டொரு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, விடை வராததால் தன் எண்ணிக்கையைப் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். அந்தப் பூச்சியம் என்பது இவ்வகைக் கருவிகளில் 1970-ஆம் ஆண்டு ஜனவரி 1 நள்ளிரவு. நீங்கள் கண்ட தவறான நேரம் அதிலிருந்து கணக்கிட்டதாக இருக்கக் கூடும். திரையில் தேதியைக் காட்டும் அமைப்பு இருந்தால் அடுத்த முறை பாருங்கள். ஆண்டு 1970 என்று இருந்தால் ஐயமே இல்லை. நல்ல மென்பொருள் விடை கிடைக்கும்வரை விடாமல் கேட்கும், அதுவரை பொய்யான மணிக்குப் பதிலாக வெறும் கோடுகளைக் காட்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும் கடிகாரத்தை விட நின்றுபோன கடிகாரம் மேல். ஈஎஸ்பி32 சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும்; ரவுட்டரில் இரு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருந்து இணைப்பு அடிக்கடி அறுந்தால், 2.4-க்குத் தனிப் பெயர் கொடுத்துப் பாருங்கள்.

இணையத்தை நம்பாமல் இருக்க டிஎஸ்3231 என்ற நேரச் சில்லு கொண்ட சிறு பலகையைச் சேர்ப்பதே முறையான தீர்வு. நான்கு கம்பிகள்தான். சாதாரண நேரச் சில்லுகள் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தை எண்ணுகின்றன. அந்த எண்ணை 15 முறை இரண்டால் வகுத்தால் ஒன்று வரும், அதுவே ஒரு நொடி. சிக்கல் வெப்பத்தில் இருக்கிறது. இந்தப் படிகம் 25 டிகிரி செல்சியஸ் அளவில் மிகச் சரியாக அதிரும்படி வெட்டப்படுகிறது. சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். எல்இடி பலகைக்குப் பின்னால், மூடிய பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தால் நாளொன்றுக்கு ஒரு நொடிக்குச் சற்று மேல் பின்தங்கும். டிஎஸ்3231 தன் வெப்பநிலையைத் தானே அளந்து படிகத்தைத் திருத்திக்கொள்வதால், 0 முதல் 40 டிகிரி வரை அதன் பிழை பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குள் நிற்கும். ஆண்டு முழுவதும் இணையமே இல்லாவிட்டாலும் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான் தவறும். அதை விட வெப்பமான பெட்டியிலும் சற்றே கூடுதலாகத் தவறும், அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. இந்தச் சில்லுடன் பரவலாகக் கிடைக்கும் நீல நிறச் சிறு பலகையில், பின்புறம் உள்ள நாணய மின்கலத்துக்கு மின்னேற்றும் சுற்று ஒன்று இருக்கிறது. அது எல்ஐஆர்2032 என்ற மின்னேற்றத்தக்க கலத்துக்காக வைத்தது. நாம் வழக்கமாகப் போடும் சிஆர்2032 மின்னேற்றக் கூடாத கலம். தொடர்ந்து மின்னேற்றினால் உப்பும், கசியும், வெடிக்கவும் கூடும். என்னுடைய ஒரு கலம் உப்பிய பிறகுதான் இதை அறிந்தேன். அந்தச் சுற்றில் உள்ள 200 ஓம் மின்தடையத்தையோ அதன் அருகில் உள்ள டயோடையோ கழற்றிவிட்டு, பிறகு சிஆர்2032-ஐப் போடுங்கள். 3.3 வோல்ட்டில் இணைத்தால் அபாயம் குறைவு என்றாலும், கழற்றிவிடுவதே நிம்மதி.

உங்கள் மென்பொருள் இந்தச் சில்லைப் படிக்கும்படி எழுதப்பட்டிருக்குமா என்பதே அடுத்த கேள்வி. இருக்காது என்றே எண்ணுகிறேன். நான் வாங்கிய முதல் கடிகாரத்தின் செயலி, ஒளியைக் கூட்டிக் குறைப்பதற்குக்கூட விற்றவரின் சேவையகத்தைத் தொட்டுத்தான் திரும்பும். ஒருநாள் சேவையகம் நின்றது. அதன் பிறகு ஒளியும் அசைவும் கடைசியாக வைத்த நிலையிலேயே உறைந்துவிட்டன. ஈஎஸ்பி32 என்பதால் நீங்கள் அதிர்ஷ்டசாலி: இத்தகைய பலகைகளுக்கென்றே எழுதப்பட்ட கிளாக்வைஸ் என்ற திறந்த மூல மென்பொருள் உண்டு. பழைய விளையாட்டுகளை நினைவூட்டும் கடிகார முகங்களும் அதில் இருக்கின்றன. ஆனால் அதன் அடிப்படை வடிவம் 64×64 பலகைக்கானது. உங்கள் 64×32-க்கு முகங்களைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். ஏற்கெனவே உள்ள மென்பொருளைக் கணினியில் படியெடுத்து வைத்துக்கொண்ட பிறகே புதியதை ஏற்றுங்கள். படி இல்லாமல் அழித்தால் திரும்ப வழி இல்லை.

நொடிமுள்:

நான் எதிர்க்கருத்து உடையவன். என்னுடையது மாடிப்படியின் திருப்பத்தில் தொங்குகிறது. அங்கே யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்து நொடி பார்ப்பார்கள், அந்த ஐந்து நொடியில் ஏதாவது வெடித்தால் மகிழ்ச்சிதான். கூடத்தில் தொந்தரவாக இருப்பது கடிகாரத்தின் குற்றமன்று, ஆணி அடித்த இடத்தின் குற்றம். மென்பொருளை மாற்றி எழுதுவதற்கு முன் ஒரு வாரம் இடத்தை மாற்றிப் பார்க்கலாமே.

படுக்கையறைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். உறக்கத்தை ஒழுங்குபடுத்தும் கண் உயிரணுக்கள் ஏறத்தாழ 480 நானோமீட்டர் நீல ஒளிக்கே மிகுதியாக விழித்துக்கொள்கின்றன. இந்தப் பலகைகளின் நீல எல்இடி அதற்கு மிக அருகில் எரிகிறது. இரவில் கட்டாயம் எரிய வேண்டுமென்றால் சிவப்பு எண்களை மட்டும் விடுங்கள். ஒற்றை நிறம் என்பதால் மின்தேக்கி அவர்கள் சொன்ன நிறக் கலப்புச் சிக்கலும் அங்கே எழாது.

சுவர்ப்பல்லி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். மின்தடை ஏற்பட்டபோது தேதியைப் பார்த்தேன். பழைய ஊசல் அவர்கள் சொன்னபடியே 1970!

இடமாற்றத்தை முதலில் முயன்றேன். எங்கள் வீட்டில் மாடிப்படி இல்லாததால் நடையில் மாட்டிப் பார்த்தேன். அங்கே மணி பார்க்க யாரும் போகாததால் நான்காம் நாளே கூடத்துக்குத் திரும்பிவிட்டது. பிறகுதான் பின்மூடியைத் திறந்தேன். பழைய மென்பொருளைப் படியெடுத்துக்கொண்டேன். முழுக் கடிகார மென்பொருளையும் திருத்துவதற்குப் பதிலாக, இவ்வகைப் பலகைகளை இயக்கும் திறந்த மூல நிரல் தொகுப்பு ஒன்றை அடிப்படையாகக் கொண்டு நானே சிறியதாக ஒன்றை எழுதினேன். நிமிடம் மாறும் நொடியில் மட்டும் விண்கலம் வருகிறது. நான்கு நொடி எனக்குப் போதவில்லை, ஆறு வைத்திருக்கிறேன்; தாயார் இதுவரை எண்ணிப் பார்க்கவில்லை. எண்களின் உயரத்தை 7 புள்ளியிலிருந்து 18 புள்ளியாக்கிவிட்டேன். அசைவு இல்லாததால் கிடைத்த இடம் அது. இப்போது கூடத்தின் மறுகோடியிலிருந்தும் கண்ணாடி அணியாமலே படிக்க முடிகிறது என்கிறார் அவர்.

புகைநிற அக்ரிலிக் பொருத்தியாயிற்று. ஒளியைக் குறைக்கும் முறையையும் மாற்றியதால் இரவில் ஆரஞ்சு ஆரஞ்சாகவே இருக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் சிவப்பு எண்கள் மட்டும். டிஎஸ்3231 பலகையில் மின்தடையத்தைக் கழற்றும்போது அதன் அருகில் இருந்த வேறொன்றும் சேர்ந்து வந்துவிட்டது. இன்னொரு பலகை வாங்கி இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். அதன் பிறகு இரண்டு மின்தடைகள் வந்து போயின, நேரம் அசையவில்லை.

கீச்சொலி மட்டும் எஞ்சியிருக்கிறது. மின்தேக்கி சேர்த்ததும் பாதியாகக் குறைந்தது. மீதி எங்கிருந்து வருகிறது என்று ஒரு காகிதக் குழலைக் காதில் வைத்துத் தேடினேன், அடாப்டரிலிருந்துதான். வேறொன்று வரவிருக்கிறது. மாற்றிய பிறகு இங்கேயே எழுதுகிறேன்.